நாக்கைக் காட்டு

சூளகிரிப் பக்கம் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் பழைய தோழி சாந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அங்கே போயிருந்தேன். கை கழுவும் இடத்தில் குழாய்க்குத் திருகே கிடையாது. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வருமாம். எனக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு வாண்டுப் பெண்ணுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் கையை மேலே ஆட்டி, கீழே ஆட்டி, கடைசியில் குழாயிடம் வாய்விட்டுக் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டேன். சோப்பு மட்டும் கேட்காமலே உள்ளங்கையில் சொட்டியது. ரோஸ் நிறத் திரவ சோப்பு. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் மூக்கண்டப்பள்ளிக்குப் போய்விட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் இருக்கும். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த திமிரோடு, ஆபீஸ் வேலை என்று நினைத்து உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ் ஏறி மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஃபேக்டரிக்கு வந்துகொண்டிருந்தேன். அவர்கள் என்னை உட்கார வைத்ததோ, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில். அம்மாக்கள் ஷிப்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பதினான்கு உருப்படிகள். எல்லாம் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடித்த விரல்களால் மூக்கு துடைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு ஆயாவாக லட்சுமம்மக்கா இருந்தார். ஒரே மூச்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை பேசுவார். "கை கழுவுங்க கண்ணுங்களா, கை தொளக்கோ, சேத்துலு கடுக்கோ!" பிள்ளைகளுக்கு மூன்றுமே புரியும். மூன்று பாஷையிலும் சொல்லச் சொல்ல, மண்ணளைந்த கையோடு நேராகச் சாதத்தட்டுக்குப் போவார்கள்.

சிரிக்கிற விஷயமாக அது ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஐந்து அம்மாக்களும் லீவு. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஆளில்லாமல் லைன் நின்றுபோனது. பர்சனல் ஆபீசர் வந்து சொன்னார். "அடுத்த மாசம் மொதலாளி பெரியவரே பாக்க வராரு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மூடிருவாங்க. ஸ்டோர்ஸுக்கு எடம் பத்தலன்னு ஏற்கெனவே கேட்டுக்கினு இருக்காங்க."

அன்று சாயங்காலம் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். இரண்டரை வயது மகள் பவித்ராவோடு மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் குடித்தனம். "மிஸ்ஸு, இத மூடிட்டா நான் வேலய வுட்டுட்டு ஊருக்குத்தான் போவணும். புள்ளய யார்கிட்ட வுடுவேன்?" எனக்கு அவளை நினைத்துப் பயமாக இருந்தது. இதில் என் வேலையும் போகும் என்பது ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. அவ்வளவு நல்லவளாக நான் இருந்தது அந்த ஒருநாள்தான்.

மறுநாள் பாடம் ஆரம்பித்தேன். கையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது என்றேன். ஒருத்தி தன் கையைப் பார்த்து அலறி, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இன்னொருவன் வெளியே போய் ஓர் எறும்பைப் பிடித்துவந்து, சோப்புப் போட்டு அதைக் கழுவினான். இந்த அறிவோடு என்னை யார் டீச்சராக்கினார்கள் என்று லட்சுமம்மக்கா மூன்று பாஷையிலும் கேட்டார்.

சாந்திதான் வழி சொன்னாள். அவர்கள் பிரிவில் கெட்டுப்போன பீஸுக்குச் சிவப்பில் 'ரிஜெக்ட்' என்று சீல் குத்துவார்கள். தேய்ந்துபோன பழைய சீல் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். காலையில் எல்லா உள்ளங்கையிலும் அதைக் குத்துவது. சோப்புப் போட்டு அது போகக் கழுவினவர்களுக்குத்தான் சாப்பாடு. மை வாயில் போய்விடுமே என்று, கேன்டீனிலிருந்து பீட்ரூட் வாங்கி அரைத்துச் சாறெடுத்து மைக்குப் பதிலாக வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் மத்தியானம் பார்த்தால் இருபத்தெட்டு கையும் பளிச். நான் பூரித்துப்போனேன். ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். லட்சுமம்மக்கா மட்டும் சோப்பை எடுத்துப் பார்த்தார். நனையவே இல்லை. பவித்ராவின் தாடையைப் பிடித்து, "நாக்க காட்டு" என்றார். காட்டினாள். ரத்தச் சிவப்பு. பீட்ரூட் இனிக்கும் என்பது டைப்ரைட்டிங் பாஸான எனக்குத் தோன்றவில்லை. பதினான்கு பேரும் கையை நக்கியே சுத்தம் செய்திருந்தார்கள். நோயை நானே கையில் எடுத்து ஊட்டிவிட்ட மாதிரிதான்.

அன்றிலிருந்து சாறில் பாகற்காய் சேர்ந்தது. சோதனையிலும் ஒரு படி கூடியது. உள்ளங்கை, புறங்கை, அப்புறம் நாக்கு. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் விரட்டி விரட்டிச் சோதித்தார்கள். சீல் குத்தும் உத்தியோகத்தைப் பவித்ரா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த மாதம் யாருக்கும் வயிறு போகவில்லை.

பெரியவர் வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். அறையைக் கண்ணாலேயே அளந்தார். எத்தனை பெட்டி அடுக்கலாம் என்று பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது. பிஸ்கட் தட்டை நீட்டினேன். அவர் எடுக்கப்போன நேரத்தில் பவித்ரா சீலோடு வந்து நின்றாள். "கை காட்டு." அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். குத்தினாள். பெரியவர் ரிஜெக்ட் ஆகிவிட்டார். ஆபீசர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் அதே கையால் பிஸ்கட்டை எடுத்தார். பதினான்கு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள், "கழுவு! கழுவு!" மனிதர் மிரண்டுபோய்ப் பிஸ்கட்டை வைத்துவிட்டு, பேன்ட் நனைய அந்தக் குட்டிக் குழாயடியில் குந்திக் கழுவினார். பவித்ரா உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நாக்க காட்டு" என்றாள்.

அவர் ஆபீசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாக்கை நீட்டினார்.

போகும்போது வாசலில் நின்று, "ஸ்டோர்ஸுக்கு வேற எடம் பாருங்க" என்றார். ஷிப்ட் முடிந்ததும் சாந்தி அதைக் கேட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

அந்த அறை அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடியது. அப்புறம் கம்பெனியில் கல்யாணமாகாத பெண்களை மட்டும் கான்ட்ராக்டில் எடுத்து ஹாஸ்டலில் தங்கவைத்தார்கள். விட்டுவிட்டுப் போகப் பிள்ளையே இல்லாமல் காப்பகம் தானாக மூடிக்கொண்டது. இப்போது அது ஸ்டோர்ஸ்தான். லட்சுமம்மக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். சீல் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒருவழியாக மண்டபத்துக் குழாய் மனமிரங்க, கழுவிக்கொண்டு மேடைக்குப் போனேன். சாந்தி என்னை இழுத்து மணப்பெண் முன்னால் நிறுத்தினாள். "பவி, இவங்கதாண்டி உன்ன பாத்துக்கின மிஸ்ஸு."

"அப்படியாங்க ஆன்ட்டி? அவசியம் சாப்டுட்டுப் போங்க," என்றாள் பவித்ரா. எவ்வளவு மரியாதை! அவளுக்கு என்னைத் தெரியவில்லை. இரண்டரை வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. கை கொடுத்தாள். உள்ளங்கை முழுக்க மருதாணிச் சிவப்பு. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாக்க காட்டு."

"என்னங்க ஆன்ட்டி?" என்று அவள் விழித்தாள். மாப்பிள்ளை விழித்தார். போட்டோக்காரர்கூடக் கேமராவை இறக்கிவிட்டார். சாந்தி மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தனை பெரிய மண்டபத்தில் அதற்குச் சிரிக்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.