கயிற்றை அறுத்தது யார் என்று ஜெபித்தேன்

என் கயிற்றை யாரோ அறுத்துவிட்டார்கள் என்று நாற்பது நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அது யார் என்பதும் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். ஆண்டவரிடம் நான் கேட்டது ஆதாரம் மட்டும்தான். அவர் கொடுத்த பதிலைச் சொல்லத்தான் சபையார் முன்னால் இன்று எழுந்து நிற்கிறேன். எழுந்து நிற்க முடிகிறதே, அதற்கே முதலில் அவருக்கு ஸ்தோத்திரம்.

நான் எஸ்தர். போடி பஜாரில் வண்டி பேட்டரிக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பி.காம். முடித்த பிறகு, தேனிக்கு வெளியே இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்தில் நிகழ்த்துகலை டிப்ளமோவில் சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. நடனம், நடிப்பு, பாட்டு, பறை, மேடை விளக்கு, ஒப்பனை எல்லாம் முதல் வருடத்தில் எல்லோரும் படித்தாக வேண்டும். இரண்டாம் வருடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் ஊன்ற வேண்டும். நான் கயிறு மல்லர் கம்பம் எடுத்தேன். தொங்கும் பருத்திக் கயிற்றில் ஏறி, காலில் சுற்றி, உடம்பை வளைத்துச் செய்யும் வித்தை அது.

அப்போது நம் சபையிலேயே சிலர் அம்மாவிடம், “பொம்பளப் பிள்ளைய கூத்தாடவா அனுப்புறீக?” என்று கேட்டார்கள். “பாடுறதுக்குத் தொண்டையும் ஆடுறதுக்கு ஒடம்பும் குடுத்தவரு ஒருத்தருதான. அவரு பாத்துக்கிடுவாரு” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கடைசிப் பருவத்தில் எல்லாக் கலையும் சேர்ந்த ஒரு நாடகத்தை நாங்களே உருவாக்கி மேடையேற்ற வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் பெண்களைப் பற்றி எங்கள் நாடகம். கயிறுதான் மலை. நான் பாடிக்கொண்டே அதில் ஏறி, உச்சியிலிருந்து சட்டென்று கீழே சரிந்து, பாதியில் நிற்க வேண்டும். எனக்கு முடியாமல் போனால் செய்வதற்கு காளீஸ்வரி என்றொரு பெண்ணையும் எங்கள் பயிற்சி மாஸ்டர் தயார் செய்து வைத்திருந்தார். மார்க்கையன்கோட்டைக்காரி. வாழை போடும் குடும்பம். என்னைவிட நன்றாக ஏறுவாள். குரல்தான் எனக்கு இருந்த பலம்.

ஜனவரி மாதக் கடைசியில் ஒரு ஒத்திகை. நான் உச்சிக்குப் போய்விட்டேன். பறை முழங்கிக்கொண்டிருந்தது. சரிந்தேன். கயிறு என்னைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. பாதி உடம்பு மெத்தையிலும் பாதி சிமெண்டுத் தரையிலுமாக விழுந்தேன். கையில் அறுந்த கயிறு இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாதது போல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருக்கிறது என்றார்கள். இடது காலில் ஊசியால் குத்தினார் டாக்டர். எனக்குத் தெரியவில்லை. “ரெண்டு நாள் பாப்போம். இல்லேன்னா ஆபரேஷன்தான். பெறகும் நடக்கிறது கொஞ்சம் சந்தேகம்தான்” என்று அப்பாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா திரும்பி நின்றுகொண்டார். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடியே முழங்காலில் நின்றாள். நீங்களும் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் பெருவிரல் அசைந்தது. சாயங்காலம் பாதம் கூசியது. டாக்டரே சிரித்துவிட்டார். வார்டில் அம்மா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் நன்றி சொல்லவில்லை. என் மனசு முழுக்க அந்தக் கயிறுதான் இருந்தது. அது பிய்ந்த மாதிரி இல்லை. நூல்கள் நீளமாகத் தொங்கவில்லை. கத்தரித்தது போல் கட்டையாக நின்றன. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கயிற்றை எடுத்துக் கட்டுபவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று போட்டிருந்தது காளீஸ்வரி. உடை தைக்கும் பொறுப்பும் அவளுடையதுதான். நூல் வெட்டுவதற்கென்று ஒரு சின்ன பிளேடு அவள் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கும். நான் விழுந்தால் என் இடம் யாருக்குப் போகும்? இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒத்திகையை ஒருவன் போனில் எடுத்திருந்தான். அதை வாங்கி நூறு முறையாவது பார்த்திருப்பேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காளீஸ்வரி மட்டும் கயிற்றின் உச்சியைப் பார்க்கிறாள். அறுவதற்கு முன்னாலேயே பார்க்கிறாள். தெரியாதவள் ஏன் அங்கே பார்க்க வேண்டும்?

அதன்பின் எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த வகுப்புப் பிள்ளைகள் வேவு பார்க்க வந்ததாகத் தோன்றியது. பழத்தை நான் தொடவில்லை. மாஸ்டர் அழுதார். நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் வராமலிருக்க அழுகிறார் என்று நினைத்தேன். யார் எங்கே நின்றார்கள், யார் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று போனில் குறித்து வைத்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிறுவனத்தில் போய்ப் புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வர வேண்டாமென்று காளீஸ்வரியை நிறுத்திவிட்டார்கள். அவள் எனக்கு ஏழு தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

போடிக்குத் திரும்பி, முதுகில் பெல்ட்டோடு கடைக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். தினமும் காலையில் ஒரே ஜெபம். “ஆண்டவரே, செய்தவரை என் கண்ணுக்குக் காட்டும். எனக்கு நியாயம் செய்யும்.” கண்ணீரோடுதான் கேட்டேன். ஆனாலும் அந்த ஜெபத்தில் அன்பு இல்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றும் அப்படியே ஜெபித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளேயிருந்து அப்பாவின் வேட்டியோடு வந்தாள்.

“இதப் பாருங்க. புது வேட்டி. துவைக்கையில கையோட வருது. ஆசிட்டு ஊத்தையில தள்ளி நில்லுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

“ஒரு சொட்டுத் தெறிச்சிருக்கும். அன்னைக்கு ஒண்ணும் தெரியல” என்றார் அப்பா.

அம்மா ஓட்டையின் ஓரத்தை இழுத்தாள். துணி சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. ஓரமெல்லாம் லேசான பழுப்பு. நூல்கள் கட்டையாக, கத்தரித்த மாதிரி நின்றன.

அதை வாங்கிப் பார்த்தேன். என் கயிற்றின் முனையும் இப்படித்தான் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பயிற்சி செய்வதற்காக அந்தக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நோட்டில் எழுதவில்லை. அனுமதி கேட்டால் தரமாட்டார்கள் என்று தெரியும். எங்கள் கடைக் குடோன் உத்திரத்தில் நாலு நாள் கட்டி ஏறினேன். விடுமுறை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். விசாரணையில் கயிறு எங்கேயாவது வெளியே போனதா என்று கேட்டபோது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

“அப்பா, குடோன்ல என் கயித்துப் பை எங்கன கெடந்துச்சு?”

“ஆசிட் கேனுக்குப் பக்கத்துல. ஒரு கேன் மூடி சரியில்லாம கசிஞ்சிருந்துச்சு. உன் பை அடி ஈரமா இருந்துச்சுன்னு நாந்தான தூக்கி அலமாரியில வச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஆத்தா...” என்றார். அவ்வளவுதான்.

கயிற்றில் ஒரு பழுப்புக் கறை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். செம்மண் என்று நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறேன்.

செய்தவரைக் காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பிசாசு என்னிடம் நியாயமாகவே பேசினான். யாருக்குத் தெரியும்? வேண்டுமென்றா செய்தாய்? நடந்தது நடந்துவிட்டது, அவள் வேறு படிப்புப் படித்துக்கொள்வாள். இதையெல்லாம் அப்பாவும் யோசித்திருப்பார் போல. ரொம்ப நேரம் கல்லாவிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தார். புகாரில் கையெழுத்துப் போட்டவர் அவர். பஜாரில் பெயருள்ள மனுஷன். கடைசியில் எழுந்து ஷட்டரை இறக்கினார். “கெளம்புத்தா. நெளிவு சுளிவு பேசாம நேரா போயிருவோம்” என்றார்.

மார்க்கையன்கோட்டையில் காளீஸ்வரி வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள் அம்மா வேகமாக வெளியே வந்தார்.

“இன்னும் எதுக்கு வந்திருக்கீக? போலீசுல சொல்லப் போறீகளா? எம்மகளுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம். அவ படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

காளீஸ்வரி அவருக்குப் பின்னால் நின்றாள். மெலிந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையும் காரையும்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நாற்பது நாட்கள் நான் பார்த்த பார்வை.

எல்லாவற்றையும் சொன்னேன். விடுமுறை, நோட்டு, குடோன், ஆசிட். அழுதுகொண்டே சொன்னேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் அழவில்லை. “வீடியோவுல நான் மேல பாத்தேன்னு சொன்னியாமே. மேல ஒரு எடத்துல கயிறு மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதான் பாத்தேன். எறங்குடீன்னு கத்துனேன். பறைச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. இதச் சொல்லத்தான் ஏழு தடவ போன் போட்டேன்” என்றாள்.

என்னைக் காப்பாற்றக் கத்திய ஒரே ஆளைத்தான் நான் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

“மன்னிச்சிரு” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அங்கன வா. எல்லாரு முன்னாலயும் சொல்லு. பெறகு பாப்போம்.”

திங்கட்கிழமை போனேன். ஒத்திகைக் கூடத்தில் காளீஸ்வரியோடு சேர்த்து இருபது பேரும் தரையில் உட்கார்ந்திருக்க, பெல்ட்டோடு நின்று சொன்னேன். படிப்பை விட்டே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மாஸ்டர் காளீஸ்வரியிடம், “உன் மேல சந்தேகப்பட்டதுல எனக்கும் பங்கு இருக்கும்மா” என்றார். அவள்மேல் எழுதியிருந்த புகாரை எங்கள் எதிரிலேயே ரத்து செய்தார்கள். கேட்காமல் கயிற்றை எடுத்ததற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டேன். அது நியாயம்தான்.

ஏப்ரலில் நாடகம் நடந்தது. புதுக் கயிற்றில் காளீஸ்வரி ஏறினாள். கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நான் பாடினேன். மேலே போவதற்கு முன் என் பக்கம் வந்து, “ரொம்ப இழுக்காத. எனக்கு மூச்சு வாங்கும்” என்று மட்டும் சொன்னாள். அவள் சரிந்து பாதியில் நின்றபோது கூடம் எழுந்து கைதட்டியது. நான் கைதட்ட மறந்து அழுதுகொண்டிருந்தேன். இருவரும் தேறினோம். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் நெருங்கிய தோழிகள் ஆகிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். போன் செய்தால் எடுக்கிறாள். அதற்கே நான் தகுதியில்லாதவள்.

எனக்கு முதுகு இன்னும் வலிக்கும். ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆனாலும் நடக்கிறேன். ஆண்டவர் என் காலுக்கு உயிர் கொடுத்த நாளில் நான் அவரைத் துதிக்கவில்லை. அதை இன்று உங்கள் நடுவில் செய்கிறேன். ஒரு குறிப்பை மட்டும் போனில் அழித்துவிட்டேன். யார் எங்கே நின்றார்கள் என்று எழுதி வைத்திருந்தேனே, அது. அதில் எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயர் மட்டும் இல்லை.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது ஒருவர்மேல் சந்தேகத்தோடு இங்கே வந்திருக்கலாம். அண்ணன் தம்பியாக இருக்கலாம், பக்கத்துக் கடைக்காரராக இருக்கலாம், இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம். உண்மையைக் காட்டும் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள், அவர் காட்டுவார். என்னைக் காட்டிக்கொடுத்த அதே நேரத்தில் அவர் என் கையையும் விடவில்லை. உங்கள் கையையும் விடமாட்டார்.