அடைக்கலம் வீட்டு நீலம்

அழகியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். அவளுக்கு நிறம் தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. வல்லத்திராக்கோட்டை ரகுநாத் அதைச் சொல்லித் தொலைத்தார்.

அழகி திருவரங்குளத்துக்காரி. கல்யாணமான புதிதில் பெயிண்ட் அடிக்கிற புருஷனுக்கு ஒத்தாசையாகச் சுவருக்குப் பட்டி பார்க்கப் போனவள். ஒரு வீட்டில் ஒரே வாளி ரோஸ் பெயிண்ட் ஒரு அறையில் பளிச்சென்றும் அடுத்த அறையில் வெளிறியும் தெரிந்தது. கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான் என்று போய்ச் சண்டையே போட்டாள். திரும்பி வந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது: பளிச்சென்ற அறைக்குப் பச்சைக் கதவு, வெளிறிய அறைக்குச் சிவப்புக் கதவு. எந்த நிறமும் பக்கத்தில் நிற்கிற நிறத்தைப் பொறுத்துத்தான் தெரியும். அன்றே ஒரு கல்யாணப் பத்திரிகையில் காசளவு ஓட்டை போட்டுக்கொண்டாள். ஓட்டை வழியே பார்த்தால் அக்கம்பக்கம் மறைந்து சுவரின் சொந்த நிறம் மட்டும் தெரியும். பதினைந்து வருஷமாக அவள் பையில் அப்படியோர் அட்டை உண்டு.

குவைத்திலிருந்து வந்து ரகுநாத் கட்டிய மாடி வீட்டுக்கு அவள்தான் வேலை பார்த்தாள். எதிர்ச்சாரியில் இரண்டு நாள் நின்று பார்த்துத்தான் சந்தன நிறம் சொன்னாள். கண் முதலில் வாசலுக்குப் போக வேண்டும், அதனால் அங்கே மட்டும் அரக்கு என்றாள். வீடு அம்சமாக வந்தது.

புதுமனை புகுவிழாவில் கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவராக அழைத்து வேட்டி துண்டு கொடுத்தார்கள். அழகி பட்டுச்சேலை கட்டி நின்றதுதான் மிச்சம். பொறுக்காமல் அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"அண்ணே, கலர் சொன்னது நானுல்ல?"

"அடிச்சதுக்குத்தான் கூலி வாங்கிட்டேல்ல? கலர் எங்க மருமகன் செலக்சன். ஒனக்கென்ன கலரு தெரியும்? கலர் சொல்றதெல்லாம் ஒரு வேலையா, யாரு வேணா சொல்லலாம்."

கூட்டம் சிரித்தது. சென்னையிலிருந்து வந்திருந்த மருமகன் விக்ரம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டான். அழகி பந்தியில் உட்காராமல் வண்டியை எடுத்தாள். இதற்கு ஒரு பதில் கொடுக்காமல் விடக் கூடாது என்று அன்றே முடிவு கட்டினாள்.

மூன்றாம் மாதம் ரகுநாத்துக்குப் பக்கத்து வீட்டு அடைக்கலம், மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அவளைக் கூப்பிட்டார். அழகி அடர் நீலம் சொன்னாள், ஜன்னலைச் சுற்றித் தூய வெள்ளை. அந்தச் சின்ன வீட்டுக்கு அது நிஜமாகவே எடுப்பாக இருந்தது. அதில் அவள் வஞ்சனை செய்யவில்லை. ஆனால் நீலத்தை ஒட்டி நின்ற ரகுநாத்தின் சந்தனம் மஞ்சளித்துப் போனது.

"என்னங்க, புது வீட்டுக்கு மஞ்சக்காமாலையா?" என்று டீக்கடையில் கேட்க ஆரம்பித்தார்கள்.

விக்ரம் வந்து, பெயிண்ட் சரியில்லை என்று சொல்லி வெளிர் சாம்பல் அடிக்க வைத்தான். நீலத்துக்குப் பக்கத்தில் அது தரை துடைத்த துணி போல அழுக்குப் பழுப்பாய்த் தெரிந்தது. அழகி தினமும் அந்தத் தெருவழியாகவே போனாள், வண்டியை மெதுவாக ஓட்டி. மனசு குளிர்ந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

கடைசியில் ரகுநாத் ஒரு சேலையோடு அவள் வீட்டுக்கே வந்தார்.

"இங்கிட்டு வேணாம்ணே. அன்னைக்கு ஊரு பாக்கத்தானே சொன்னீங்க? ஒங்க வாசல்ல, எல்லாரையும் வச்சுக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். கொத்தனாரும் தச்சரும் பக்கத்து வீட்டு அடைக்கலமும் நின்றார்கள். "இந்த வீட்டுக்கு மொதல்ல கலர் சொன்னது அழகிதான்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லவும் செய்தார்.

அழகி தட்டோடு வாங்கிக்கொண்டு, அட்டையை விக்ரமிடம் நீட்டினாள். "இதுவழியாப் பாருங்க தம்பி."

அவன் பார்த்தான். ஓட்டைக்குள் சுத்தமான சாம்பல். இறக்கினான், பழுப்பு. மறுபடி ஏற்றினான்.

"செவுத்துல ஒரு கோளாறும் இல்ல. அந்த நீலம் நிக்கிற வரைக்கும் இப்படித்தான் தெரியும்."

திண்டாடிப்போன ரகுநாத் அடைக்கலத்தைப் பார்த்தார். "எனக்கு என் வீடு நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

"அப்ப என்ன கலர் அடிக்கலாம்? நீயே சொல்லும்மா" என்றார் ரகுநாத்.

அழகி சேலையை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"கலர் சொல்றதெல்லாம் ஒரு வேலையாண்ணே? யாரு வேணா சொல்லலாம். மருமகன்கிட்ட கேளுங்க."

வண்டி தெருமுனை திரும்பும்போதும் விக்ரம் அட்டையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.