ஆவாரம்பட்டைக் கறை

“இன்னாடி, ரட்சிப்பு ரட்சிப்புன்னு பாடுற? கோயில்ல உங்கம்மா பக்கத்துல உக்காருவியா?” என்று அத்தை சிரித்தாள். அவள் ஞானஸ்நானம் பெறாதவள். எங்கள் ஆராதனையை வாசலில் நின்றே பார்ப்பாள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கோயிலில் பள்ளிப் பெண்களுக்கான முன்பலகையில் தலைநிமிர்ந்து உட்காருவேன். அம்மா தோல் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிப்பவள். கறை ஊறிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கதவோரப் பாயில் இருப்பாள். அப்பம் கொடுக்கும் இராப்போஜனத்துக்கு எழுந்திருக்கவே மாட்டாள்.

“இந்தக் கையில அப்பம் வாங்குறதா? நீ வாங்கினா போதும், கண்ணு.”

இயேசு எனக்காக உயிர் கொடுத்தார் என்று மனதார நம்பினேன். அவர்மேல் அன்பிருந்தால் கீழ்ப்படிய வேண்டும் என்று போதகர் பேசிய ஞாயிறன்று, அத்தையின் கேள்வி என்னைப் பலகையில் இருக்கவிடவில்லை. அப்பம் கொடுக்கும் நேரத்தில் எழுந்து, பின்னால் போய், அம்மாவின் கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தேன்.

“விடுடி, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். அவரு கூப்பிட்டது உன்னையுந்தாம்மா.”

ஆனாலும் அம்மா என்னோடு நடந்து வந்து அப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

வரும் ஞாயிறு முதல் முன்பலகையில் அம்மா என் பக்கத்தில் உட்காருவாள் என்று நேற்றே போதகரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.