சர்க்கரை இறங்கிய சந்தோஷம்

எனக்கு எழுதப் படிக்க வராது; நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். ஆனால் எந்த ஊர்ப் பேச்சும் சட்டென்று நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மகனுக்கு ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, குஷாய்குடாவுக்குக் குடிவந்தபோது தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. வாசலுக்கு வரும் கீரைக்காரியிடம் பேரம் பேசியே கற்றுக்கொண்டேன். கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைக் கட்டு சிறுத்திருந்தால் சண்டை போடும் அளவுக்கு! பகலெல்லாம் ஆபீஸில் கிடக்கும் மகனுக்கு இது தெரியாது.

அப்போது எனக்கு ஒரே குஷி. பல வருஷமாக அடங்காத சர்க்கரை தானாக இறங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் இன்சுலின் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். வெந்தயமும் மொட்டைமாடி நடையும்தான் காரணம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒரு தடவை ரத்தப் பரிசோதனை முடிவை மகன் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து கைதட்டினான்.

"ஜெயிச்சுட்ட போம்மா!"

அடுத்த தடவை இருவருமே டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் மகனிடம் தெலுங்கில் பேசினார். ரத்தத்தில் கிரியாட்டினின் இன்னும் ஏறியிருக்கிறதாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, தேங்கி நிற்கிறதாம். கெட்டுப்போன சிறுநீரகம் இன்சுலினையும் கழிக்காததால், அது உடம்பிலேயே தங்கிச் சர்க்கரையை இறக்குகிறதாம்.

"போயினசாரே செப்பேனு கதா?" என்றார். போன தடவையே சொல்லியிருக்கிறார்!

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, "அம்மகு செப்பொத்து சார், பயபடுதுந்தி," என்றான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயப்படுவாளாம்.

சிறுநீரகம் என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கு வாயா இருக்கிறது? இவன் எல்லாம் தெரிந்தே கைதட்டியவன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னப்பா சொன்னாரு?"

"எல்லாம் நல்லாருக்கும்மா. ஊசிய இன்னும் கொறைக்கச் சொல்லிட்டாரு."

"நிஜங்கா செப்பு நானா. கிட்னீ எந்த பாடைந்தி?" உண்மையைச் சொல்லப்பா, சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெலுங்கிலேயே கேட்டேன்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். "அம்மா… உனக்குத் தெலுங்கு…"

"வாடுன கீரைய வாடுனதுன்னு சொல்லித்தாண்டா அந்தக் கீரைக்காரியே எங்கிட்ட குடுப்பா. நீ கைதட்டிக் குடுத்துட்டியே!"

திரும்பி உள்ளே போனேன். உப்பு எவ்வளவு, பருப்பு எவ்வளவு, சிறுநீரகம் இன்னும் எத்தனை நாள் தாங்கும், எல்லாவற்றையும் என்னிடமே சொல்லுங்கள் என்று டாக்டரிடம் தெலுங்கில் கேட்டேன். மகன் பின்னாலேயே வந்து நின்றான். முன்பு அவன் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன்.