கூப்பிடுகிற பெயர்

எனக்கு நாற்பத்திரண்டு வயது, எண்பத்தெட்டு கிலோ, முன்மண்டை வழுக்கை. ஊரில் என் பெயர் குட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் குட்டி அண்ணன் இருக்காரா என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் என்றால், எனக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

சர்டிபிகேட், ரேஷன் கார்டு என்று பேப்பரில் எனக்கு வேறு பெயர். மலையின் பெயர். திருவண்ணாமலையில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் இருக்கும். தேரடி வீதியில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அதில் நான் இருக்க மாட்டேன், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவருடைய பெயரை வைக்க வேண்டும். வைத்த பெயரை அந்தப் பிள்ளையைப் பெற்றவள் வாயால் சொல்லக் கூடாது, ஏனென்றால் அது அவளுடைய மாமனார் பெயர். மாமனார் பெயரைச் சொல்லி, வந்து சோறு தின்னுடா என்று ஒருத்தி எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் பேப்பருக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. மலைக்கு இரண்டு பெயர்கள் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு வசதியாகப் போய்விட்டது. ஒன்று தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது, இன்னொன்று அப்பாவுடையது. என் அம்மா இரண்டையும் சொல்லாமலே வாழ்ந்து முடித்தாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் முகவாயால் மலையைக் காட்டுவாள். கடைக்காரரும் உள்ளூர்க்காரர், எழுதிக்கொள்வார்.

இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் கல்யாணத்துக்கு நானே பேனர் டிசைன் செய்தேன். மாப்பிள்ளை என்ற மிடுக்கில் பேப்பர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன். அன்றைக்கு நல்ல முகூர்த்தம், அந்த ரோட்டில் என் பெயரிலேயே மூன்று மாப்பிள்ளைகள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்த தாய்மாமன் முதலில் கண்ணில் பட்ட மண்டபத்தில் நுழைந்து, பொங்கலும் வடையும் திருப்தியாகச் சாப்பிட்டு, மேடையில் இருந்தவனைப் பார்த்து, குட்டி இளைச்சுட்டானே என்று வருத்தப்பட்டிருக்கிறார். தாலி கட்டிய பிறகு எங்கள் மண்டபத்துக்கு வந்து, குட்டி என்று போட்டிருந்தால் நேராக வந்திருக்க மாட்டோமா என்று என்னைத்தான் திட்டினார்.

அதனால் போன வருஷம் எனக்கு மகன் பிறந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். என் பிள்ளைக்கு ஒரே பெயர். தொட்டிலில் கூப்பிடுகிற பெயர்தான் பென்ஷன் பேப்பரிலும் இருக்க வேண்டும்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், பேரனுக்குத் தன் பெயர். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு வேங்கிக்காலில் எங்களோடு இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், கேட்டதை இரண்டாவது தடவை கேட்கவும் மாட்டார். அவர் கேட்காமல் இருந்ததை அவர் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல்தான் பதிந்திருந்தோம். ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும், தாண்டினால் அலைச்சல். பதினோரு மாதம் நானும் என் மனைவியும் பெயர் தேடினோம். அவள் கணக்கு டீச்சர், எதையும் நிபந்தனை போட்டுத்தான் ஆரம்பிப்பாள். கூப்பிட்டால் கொஞ்சுகிற மாதிரி இருக்க வேண்டும், இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவள் கட்சி. மீசை முளைத்த பிறகும் தாங்க வேண்டும் என்பது என் கட்சி.

அவள் சொன்ன பெயர்களையெல்லாம் கடையில் வைத்துச் சோதித்தேன். இந்த ஊரில் ஒரு மனிதனின் ஆயுசு முழுவதும் என் கம்ப்யூட்டரில் டிசைனாக இருக்கிறது. முதல் பிறந்தநாள், காது குத்து, கல்யாணம், பதவி உயர்வுக்கு வாழ்த்து, அறுபதாம் கல்யாணம். மித்து என்று அவள் ஒரு பெயர் சொன்னாள். பிறந்தநாள் பேனரில் பலூன்களுக்கு நடுவே அழகாக உட்கார்ந்தது. அதையே காவல் ஆய்வாளர் மித்து என்று அடித்துப் பார்த்தேன். எந்தத் திருடனும் பயப்பட மாட்டான். பப்லு காது குத்தோடு நின்றுவிட்டது. சோனு கல்யாணம் வரைக்கும் வந்து, அறுபதாம் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக ரொம்பச் சங்கடப்பட்டது.

கண்ணீர் அஞ்சலி டிசைனும் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அதிலும் போட்டேன். தொழில் புத்தி. என் அனுபவத்தில் அந்த பேனரில்தான் ஒருவருடைய பெயர் உண்மையாகப் பரீட்சை எழுதுகிறது. ஊருக்குப் பேப்பர் பெயர் தெரியாது என்பதால், இன்னார் (எ) இன்னார் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு ‘எ’ போடாமல் எங்கள் ஊரில் யாரும் சாக முடியாது. என் பிள்ளைக்கு அந்த ‘எ’ வேண்டாம் என்றுதான் பார்த்தேன். அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். பிள்ளைக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். என்னோடு நான்கு நாள் பேசவில்லை. எனக்கும் அதற்குப் பிறகு அந்த டிசைனைத் திறக்கக் கை வரவில்லை. எழுபது எண்பது வருஷத்துக்குப் பிறகு அதை வேறு எவனோ அடிப்பான், அப்போது நான் இருக்க மாட்டேன்.

கடைசியில் துரை என்று முடிவானது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று நானும், தான் முதல் மாதமே சொன்னதாக அவளும் இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம். தொட்டிலில் கிடந்தாலும் துரை, நாற்காலியில் உட்கார்ந்தாலும் துரை. எல்லா பேனரிலும் பாஸ். பதினோரு மாத ஆராய்ச்சியின் முடிவில், தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயரை நாங்கள் கண்டுபிடித்திருந்தோம்.

பதியப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நல்லாத்தான் கீது என்றார். நான் நிம்மதியாக உள்ளே திரும்பினேன். அப்போது ஒன்று கேட்டார், தனக்கு ஒருநாள் நான் அடிக்கப்போகிற கண்ணீர் அஞ்சலி பேனரைப் பற்றி.

“எனக்குப் போடறப்போ டிரைவர்னே போட்டுடு. பேரு போட்டா யாருக்கும் தெரியாது.”

ஏன் இப்படியெல்லாம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபமாக இல்லை. கடலையை உரித்தபடியே சொன்னார்.

“உங்கம்மா போறவரைக்கும் ஒரு வாட்டிகூட எம்பேரச் சொல்லல. டிப்போல டிரைவரு. இங்க மாமா. நீயும் சொல்ல மாட்ட. பேரனுக்கு வெச்சா வீட்ல சொல்ல மாட்டாங்கனு எனக்குத் தெரியாதா? கூட வெளயாடற பசங்க கேட்டாண்ட வந்து நின்னு, பேரச் சொல்லிக் கூப்பிடுவானுங்கள்ல. அது காதுல வுழும்னு பார்த்தேன்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு மாதமாகப் பெயர்களைத் தராசில் வைத்து நிறுத்தவன் நான். தன் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று என் வீட்டில் ஒருவர் கணக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, நாளைக்கு அப்பா பெயரையே பதிந்துவிடலாம் என்றேன். மனைவி வேண்டாம் என்றாள். நாங்கள் பேசியதை அவள் சமையலறை ஜன்னலில் கேட்டிருக்கிறாள்.

“பேப்பர்ல இருந்தா அவருக்கு எப்படிங்க கேக்கும்? பேப்பர்ல துரைனே இருக்கட்டும். வீட்ல மாமா பேரு. நான் கூப்பிடறேன்.”

ஊரே பேப்பரில் பெரிய பெயரும் வீட்டில் சின்னப் பெயரும் வைக்கும்போது எங்கள் வீட்டில் அதைத் திருப்பிப் போட்டாள். ஒரே பெயர் என்று நான் எடுத்த முடிவு அதோடு போயிற்று. மறுநாள் போய்த் துரை என்று பதிந்துவிட்டு வந்தோம்.

சொல்வது சுலபம். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற டீச்சருக்கு அந்தப் பெயர் தொண்டையிலேயே நின்றது. முதல் நாள் பாதி சொல்லி இருமினாள். அப்பா வாக்கிங் போகிற நேரமாகப் பார்த்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையிடம் ஒத்திகை பார்த்தாள். வெளியே நின்று கேட்டால் யாரோ ரகசியமாக மந்திரம் ஓதுவது போலிருக்கும். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பிள்ளை மறுபடி துரையாகிவிடுவான். அப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இது நடக்கிற காரியமில்லை என்று இரண்டாவது வாரத்தில் நான் கைகழுவிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை தவழ்ந்து போய் மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். மாவு தரையெல்லாம் ஓடியது. அவள் யோசிக்கவில்லை. என் அப்பாவின் பெயரை முழுசாக, முன்னால் ஒரு ‘டேய்’ சேர்த்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

பிள்ளை திரும்பவே இல்லை, மாவில் கையை அளைந்துகொண்டிருந்தான். கேட் பக்கம் நாற்காலி சரிந்து விழும் சத்தம் கேட்டது. அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கையில் பிடித்தபடியே வேகமாக உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கரண்டியோடு சுவரோரம் ஒதுங்கி, தப்பா நினைச்சுக்காதீங்க மாமா, புள்ளயத்தான் என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவர் மாவையும் பேரனையும் அவளையும் பார்த்தார். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தப்பு இல்லம்மா. இன்னொரு வாட்டி கூப்புடு” என்றார்.