அத்தானுக்குச் சண்டை போதவில்லை

விக்னராஜா அத்தானை நல்ல மனுசன் என்றுதான் இங்கே ஹோம்புஷில் இருக்கும் தமிழர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பகலில் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் நாடகப் பைத்தியம். அக்கா சிவனேஸ்வரியை அவர் கட்டியதால், கூடவே இருக்கும் நானும் நடிகையாகிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படமொன்றை அத்தான் பார்த்தார். சண்டை பிடித்துக்கொண்டே காதலித்து, கடைசியில் கல்யாணம் கட்டும் இருவரின் கதை. அதைத் தமிழாக்கி அக்காவோடு மேடையில் நடித்தார். சனம் வயிறு நோகச் சிரித்தது. அந்தப் படத்தை அமெரிக்கர்கள் பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியவந்ததும் பிடித்தது சனி. எங்களுக்கும் தொடர். மாதம் ஒரு பகுதியை மண்டபத்தில் ஆட்களுக்கு முன் நடித்து யூடியூபில் போடுவோம். அதில் நான் பக்கத்து வீட்டுக்காரி.

படமென்றால் கல்யாணத்தோடு முடிந்துவிடும். தொடரில் புருசன் பெண்சாதிக்கு மாதாமாதம் புதிதாக ஒரு சண்டை வேண்டும். அத்தானின் கைச்சரக்கு சீக்கிரமே தீர்ந்துபோனது. மனுசன் சொந்த வீட்டுக்குள் தேடத் தொடங்கினார்.

அக்காவுக்கு ஆங்கிலத்தில் போன் கதைப்பதென்றால் உயிர் போகும். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். நேரில் யாரையும் சமாளிப்பாள். போனில்தான் நாக்கு எழும்பாது. டாக்டரிடம் நேரம் கேட்பதற்குக்கூட முதலில் குளியலறைக்குள் போய், குரல் வெளியே கேட்காமலிருக்கப் பைப்பைத் திறந்துவிட்டு, அவர்கள் கேட்பதையும் தான் சொல்வதையும் தானே பேசிப் பார்ப்பாள். அத்தானுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

அதைத்தான் அத்தான் எழுதினார். பெண்சாதி பைப்பைத் திறந்துவிட்டு யாரோடோ இரகசியம் பேசுகிறாள் என்று புருசனுக்குச் சந்தேகம். வசனத்தை வழக்கம்போல நாடகத்தன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்கா காருக்குள் வாசித்தாள்.

“இது வேண்டாமப்பா.”

“ஆர் உம்மையெண்டு நினைக்கப்போயினம்? சும்மா பகிடிதானே.”

அக்கா ஒரு சொல் பிசகாமல் நடித்தாள். மண்டபம் அதிர்ந்தது. நான் கதவில் காதை வைத்து முழி பிதுக்கியதற்குத் தனியாகக் கைதட்டல். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, வெட்கக்கேடு.

அடுத்த கிழமை பிளாக்டவுன் தமிழ்க் கடையில் ஒரு அன்ரி அக்காவை மறித்தார். “ஈஸ்வரி, நீர் உண்மையாவே பைப்பைத் திறந்துபோட்டுத்தான் கதைச்சுப் பழகிறனீராம்? விக்னராஜா சொன்னவர்.” கதை சொந்த அனுபவம் என்று அத்தான் பெருமையடித்திருக்கிறார். அக்கா அன்ரியோடு சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் குளியலறையில் பேசிப் பழகவேயில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் குசினிப் பொறுப்பாளர் வேலை வந்தது. அக்கா எவ்வளவு காலம் ஆசைப்பட்ட வேலை. விண்ணப்பம் போட்டாள். முதல் நேர்முகம் போனில் என்றார்கள். அன்றைக்கு அத்தான் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றார்.

“குளியலறைக்குள்ள போய் ஒருக்கால் கதைச்சுப் பாருமன். நான் கேக்கமாட்டன்.”

அக்கா மேசையில் போனை வைத்துவிட்டுக் கதிரையில் அசையாமல் இருந்தாள்.

“அப்ப நான் வெளியில போட்டு வாறன்.”

“நீங்கள் எங்க போனாலும் ஆக்கள் கேட்டுக்கொண்டு நிக்கிற மாதிரித்தான் எனக்கு இருக்கும்.”

போன் அடித்தது. அத்தான் அதை அவள் பக்கம் தள்ளினார். “எடும் ஈஸ்வரி. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்.” அக்காவின் கை மேசைவரை போய்த் திரும்பி வந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் ஒருமுறை அடித்தது. பிறகு இல்லை.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கும் அவளை நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

“இனி நான் ஒண்டும் எழுதேல்லை,” என்றார் அத்தான்.

“ஏன்? இதையும் எழுதுங்கோ,” என்றாள் அக்கா. “போன் அடிக்குது, பெண்சாதி எடுக்கிறா இல்லை. சனம் நல்லாச் சிரிக்கும். எனக்குப் பாடமாக்க வசனமும் இல்லை.”