பேசினால் வலிக்கும்

முதல் தடவை அது வந்தது வகுப்பறையில். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில், வலது கன்னத்தில் மின்சாரக் கம்பியை வைத்து எடுத்தது போல ஒரு வெட்டு, மேலுதட்டிலிருந்து கண்ணுக்குக் கீழே வரை. கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. சில நொடிகள்தான். பிறகு முகம் பழையபடி ஆகிவிட்டது. பிள்ளைகள் மட்டும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தாறு வயது. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிற சின்னப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவருக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுப்பவர்.

ஒரு மாதத்துக்குள் அது தினமும் வரத் தொடங்கியது. பல் துலக்கினால் வரும். சோற்றை மென்றால் வரும். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசியோடு காற்று வீசினால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசினால் வரும். நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இப்படியொரு நோய். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கஞ்சியை இடது பக்கமாகவே விழுங்கினேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். மூன்றாம் நாள் வலி திரும்ப வந்தது. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அப்போதும் வந்தது. மூன்றாவது பல்லில் அவர் கை வைத்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"போதுங்க. மீதி பல்லு என்கிட்டயே இருக்கட்டும்."

பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் வலி வருகிற இடத்தை என் விரலாலேயே காட்டச் சொன்னார். தொடப் பயந்து, கன்னத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி விரலை வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பல்லு இல்லம்மா, நரம்பு. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சுலபத்துல விடாது. வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு, இதுக்கும் கேக்கும். தலை சுத்தும், தூக்கம் வரும். பயந்துட்டு நிறுத்திடாதீங்க."

மருந்து கொடுக்கிற ஜன்னலில் கம்பவுண்டர் சீட்டைப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்: "ஃபிட்ஸ் மாத்திரையா? யாருக்கு, டீச்சரம்மாவுக்கா?" எனக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு லைனைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்விட்டது.

மாத்திரை வேலை செய்தது, ஆனால் சும்மா செய்யவில்லை. நடந்தால் தரை சாய்ந்தது. ஈறு வீங்கியது. ஒரு நாளைக்கு இருபது முறை வந்த வெட்டு ஆறேழு முறையாகக் குறைந்தது. சபையில் ஒரு அம்மா, மாத்திரையை விட்டுவிட்டு ஜெபம் மட்டும் செய், விசுவாசம் போதும் என்றார். நான் ஜெபமும் செய்தேன், மாத்திரையும் போட்டேன். கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை.

மிச்சமிருந்தது பயம். வலி நிற்பது அரை நிமிடம். அடுத்தது எப்போது வருமோ என்று தோளை இறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்திருப்பதோ நாள் முழுக்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் கவனித்துவிட்டார்.

"இன்னாமே, சோத்தப் பாத்துப் பயப்படறியா?"

"எப்ப வருமோன்னு கீதுங்க."

அவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், பாறை சரிந்து, ஆறு பேரோடு அவர் உள்ளே மாட்டிக்கொண்டாராம். கொதிக்கிற சூடு, இருட்டு.

"மூச்ச இஸ்து இஸ்து வாங்குனவன் சீக்கிரமே சோந்து பூட்டான். நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கினோம். உள்ள வாங்கறத விடு, வெளிய விடறத நீட்டமா விடு. தோளத் தொங்கவிடு. பல்லக் கடிக்காத. எவ்ளோ நேரம் ஆவும்னு நெனைக்காத, அடுத்த மூச்சு மட்டும் பாரு. அப்படித்தான் பொழுத ஓட்டுனோம்."

"ஏன் இத்தினி நாளு சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னைக் கீழ அனுப்பியிருப்பியா?"

அன்றைக்கே பழக ஆரம்பித்தேன். நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே. தாடையைத் தொங்கவிடுவது, தோளை இறக்குவது. வலி வராத நேரத்தில் பழகினால்தான் வருகிற நேரத்தில் கைகொடுக்கும் என்று நாலைந்து வாரத்தில் தெரிந்துகொண்டேன். மாத்திரை வலியின் எண்ணிக்கையைக் குறைத்தது. மூச்சு, நடுவில் கிடந்த நேரத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒன்றை விட்டு மற்றொன்றால் முடிந்திருக்காது.

வகுப்பிலும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். டஸ்டரால் போர்டில் ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் பேசாமல் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். விளக்கமே கேட்கவில்லை. நான் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று எட்டு எண்ணுவேன். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

அதற்குள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"பேரன்ட்ஸ் வந்து கேக்கறாங்க. கிளாஸ்ல நீங்க விழுந்துட்டா புள்ளைங்க பயந்துடும். லாங் லீவு எழுதிக் குடுத்துடுங்க."

"எனக்கு ஃபிட்ஸ் இல்லங்க மேடம்."

"அப்போ டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. சனிக்கிழமை அவங்கள வரச் சொல்றேன். அவங்க முன்னாடியே படிச்சுக் காட்டுங்க."

வாங்கினேன். தெளிவாகவே எழுதியிருந்தார் டாக்டர். சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தைப் பிரித்தபடி நிமிர்ந்தபோது, கதவோரம் நின்றிருந்த ஒரு பெண் கண்ணில் பட்டாள். அவளுடைய இளைய பையன் இரண்டாம் வகுப்பில் படித்தான். மூத்த மகள் போன வருடம் என் வகுப்பில் இருந்தவள். இரண்டு தடவை வகுப்பிலேயே ஃபிட்ஸ் வந்து விழுந்தாள். "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்தத் தாயிடம் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அந்தச் சிறுமி பிறகு பள்ளிக்கு வரவேயில்லை.

கடிதத்தை மடித்துவிட்டேன்.

"எனக்கு இன்னா நோயின்னு டாக்டர் இதுல எழுதிக் கீறாரு. நான் படிக்கப்போறதில்ல. ஃபிட்ஸுன்னே வச்சிக்குங்க. அதனால இன்னா? எனக்கு வாய்ப்பாடு மறந்து பூடுமா?"

அந்த நேரம் பார்த்து அது வந்தது. உதட்டிலிருந்து கண் வரை, எப்போதையும் விடக் கூர்மையாக. முந்தானையால் மறைத்துக்கொள்ளத்தான் கை போனது. இல்லை, பார்க்கட்டும் என்று மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினேன். தோளை இறக்கினேன். எட்டு எண்ணினேன், மறுபடி எட்டு. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இதான் எனக்கு வர்றது. பாத்துக்கினீங்க இல்ல? விழல. விழுந்தாலும் எழுந்து பாடம் நடத்துவேன். லீவு எழுத மாட்டேன்."

பின் பெஞ்சில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு தகப்பன் எழுந்தார். "நாங்க தினம் கீழ எறங்கறோம். மேல வருவமான்னு எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு யாரு லாங் லீவு குடுக்கறாங்க? டீச்சர் நடத்தட்டும்மா" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இரண்டு தாய்மார்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்கள். போகட்டும்.

திங்கட்கிழமை காலை அந்தத் தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் நின்றாள்.

"நீங்க போடற மாத்திரதான் டீச்சர் இவளும் போடறா."

"போன வருஷம் நான் சொன்னது தப்புமா" என்றேன்.

அவள் மகளை முன்னால் நிறுத்தினாள். "எந்த பெஞ்சுல உக்காரணும்?" என்று மட்டும் கேட்டாள். முதல் பெஞ்சைக் காட்டினேன்.

அந்த வருடம் அந்தச் சிறுமிக்கு ஒரு தடவைதான் ஃபிட்ஸ் வந்தது. பெஞ்சை நகர்த்தி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். எழுந்ததும் தண்ணீர் குடித்தாள். முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் நல்ல மார்க்.

சில ஆண்டுகள் கழித்து, இந்த நரம்பு வலிக்கு இன்னும் நன்றாகக் கேட்கிற மாத்திரை ஒன்று வந்தது. ஈறு வீக்கம் போயிற்று, தரை சாய்வதும் நின்றது. வலி மட்டும் முழுதாகப் போகவில்லை. மாதக்கணக்கில் காணாமல் போகும், மார்கழிக் காற்றோடு திரும்பும். எனக்கும் அதோடு சண்டை போட்டுப் பழகிவிட்டது.

எழுபதுகளில் அந்தத் தலைமையாசிரியை ஓய்வுபெற்றார். பிரிவு உபசாரத்தில் யார் பேசுவது என்று கேட்டபோது அவரே என் பெயரைச் சொன்னாராம். திறந்த மைதானம், டிசம்பர் மாதம், முகத்தில் அறைகிற காற்று. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கால் மணி நேரம் பேசினேன். நடுவில் மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவரும், மைதானம் நிறைந்த கூட்டமும், நான் மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்கள்.